சஹனுக்கு ஒரு சோடாக் குடம்

என் தாத்தாவைக் கட்டிய மச்சானுக்குத் தொழில், இறாலுக்குக் காற்று ஊதுவது. எங்கள் வீடுகளில் தாத்தா என்றால் அக்கா. கடலேரிக் களப்போரத்துப் பண்ணைகளில் தண்ணீரை அடித்து அடித்துக் காற்றுக் கலக்கும் சக்கரங்கள் நின்றுபோனால், பாலாவியிலிருந்து அவருடைய மோட்டார் சைக்கிள் புறப்படும். இறால்கள் மூச்சுத் திணறுவதற்குள் சக்கரத்தைச் சுற்றவிட்டு, கிறீஸ் மணக்கத் திரும்பி வருவார். அப்படிப்பட்டவர் மனிதருக்கும் ஊதத் தீர்மானித்தது மகளின் கலியாணத்தில்தான்.

மாப்பிள்ளையின் வாப்பாவுக்குச் சிலாபத்தில் குளிர்பானக் கடை. அவர் தொலைபேசியில் நல்ல மனதோடுதான் சொன்னார்: “குடிக்கிற சாமானெல்லாம் என்ட கடையிலேருந்து வரும், சம்பந்தி. நீங்க யோசிக்க வேணாம்.”

பெண் வீட்டு விருந்துக்கு மாப்பிள்ளை வீட்டுப் போத்தலா? மச்சானுக்கு அது சோற்றில் கல் கடித்த மாதிரி இருந்தது. “வேணாம் சம்பந்தி. சோடா நாங்களே செய்யிறம்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

தாத்தா கேட்டாள்: “நாங்க எண்டா ஆரு?”

மச்சான் என்னைப் பார்த்தார்.

நாட்டில் சண்டை முடிந்து, விட்டு வந்த மன்னாருக்குத் திரும்பலாம் என்று ஆகியிருந்த காலம். மன்னாரில் ஒரு கால், புத்தளத்தில் ஒரு கால், பஸ்ஸில் மீதி உடம்பு என்று நான் அலைந்துகொண்டிருந்தேன். கலியாண வேலைக்கு உதவ வந்தவனின் கையில் ஒரு தகட்டைக் கொடுத்து, “பிடி மச்சான்” என்றார். அதற்குப் பிறகு நான் பிடித்துக்கொண்டேதான் இருந்தேன்.

சீமெந்துத் தரையில் வெண்கட்டியால் படம் வரைந்தார். அவருடைய எண்ணம் எளிமையானது. எங்கள் கலியாணங்களில் ஆறு பேர் ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்து, அந்த ஒரே தாலத்தில் கைவைத்துச் சாப்பிடுவோம். சோறு ஒரே தாலத்தில் வரும்போது சோடா மட்டும் ஆளுக்கொரு போத்தலாகப் பிரிந்து நிற்பது என்ன நியாயம்? ஆகவே சஹனுக்கு ஒரு குடம். ஆறு கோப்பை கொள்ளும். உள்ளே கேஸ், உள்ளேயே நன்னாரி.

முதற் குடத்துக்குத் தட்டையான அடி வைத்தார், பாயில் ஆடாமல் நிற்கட்டும் என்று. முதலில் தண்ணீரை நிரப்பிக் கைப்பம்பால் அழுத்திப் பார்ப்பார். அன்று அழுத்த அழுத்த அடிப்பக்கம் மெல்லப் புடைத்தது. எனக்கு அது அழகாக இருந்தது. அடைபட்ட எதுவும் உருண்டையாகவே விரும்புகிறது, மழைத்துளியைப்போல, சொல்லாமல் வைத்திருக்கும் கோபத்தைப்போல என்றேன்.

“வர்ணிச்சது காணும், இதைப் பிடி” என்றார்.

தாத்தா எட்டிப் பார்த்து, “எத்தினை மாசம்?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இரண்டாம் குடத்தை உருண்டையாகவே செய்து, மூன்று கால் பூட்டினார். ஒட்டுகளில் சவர்க்கார நுரை தடவி, குமிழி எழுகிறதா என்று இருவரும் கண்ணிமைக்காமல் பார்த்தோம். பிறை பார்க்கும்போதுகூட நான் அவ்வளவு கவனமாக இருந்ததில்லை. நன்னாரிப் பாணி அவசரமாக விழுந்தால் நுரை பொங்கும் என்பதால், மூடிமேல் ஒரு சிறு கிண்ணம். நன்னாரி அதில் காத்திருந்து, திருகினால் மெல்ல உள்ளே இறங்கும். அளவு மீறினால் கேஸை வெளியே விட ஒரு வால்வு. ஐஸ் தண்ணீர் ஊற்றி, கேஸ் ஏற்றி, குழந்தையைத் தாலாட்டுவதுபோல் குலுக்கினோம். குடித்தால் மூக்கில் ஏறியது. மச்சான் ஏப்பம் விட்டு, “அல்ஹம்துலில்லாஹ்” என்றார்.

சம்பந்திக்குச் செய்தி போனது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து தம்பிமார் மூன்று பேரோடு வந்து இறங்கினார். மச்சானையும் என்னையும் சேர்த்து ஆறு பேர், ஒரு சஹன், நடுவில் புரியாணி, பக்கத்தில் மூன்று காலில் குடம்.

“சரிவராட்டி வெக்கப்படாதீங்க சம்பந்தி” என்றார் அவர். “லொறியில போத்தல் ஏத்தியே வெச்சிருக்கன்.”

மச்சான் பிஸ்மில்லாஹ் சொல்லிக் குடத்தின் பைப்பைத் திறந்தார். உஸ் என்றது. ஒரு சொட்டு வந்தது. பிறகு அதுவும் இல்லை. கோப்பை நீட்டிய கைகள் நீட்டியபடியே இருந்தன. அந்த லொறி வாசலுக்கே வந்து ஹோர்ன் அடிப்பதுபோல் எனக்குக் கேட்டது.

வால்வு இருப்பதையே மறந்தார் மனிதர். திருகுசாவியால் குழாயில் தட்டினார். “கொஞ்சம் சரிச்சுப் பிடி மச்சான்.” பிடித்தேன்.

அடைப்பு விட்டது. புரியாணியைத் தாண்டிப் பாய்ந்த நன்னாரி நேரே சம்பந்தியின் தாடியில் போய் நின்றது. வெள்ளைச் சட்டை முழுவதும் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வழுவழுவென்று ஒரு வெள்ளைக் கூடு. ஊறிய கசகசா, சர்பத்தில் போடும் சப்ஜா விதை.

மச்சான் பெண்கள் இருந்த திரைச்சீலைப் பக்கம் திரும்பினார். “ஆரு இதுக்குள்ள கசகசா போட்ட?”

“நான்தான். கிண்ணத்தில நன்னாரியோட போட்டன்” என்றாள் உள்ளேயிருந்து தாத்தா. “கசகசா இல்லாம மாப்பிள்ளை வீட்டாக்களுக்குச் சர்பத் குடுக்கிறதா? சாவு விழுந்த மையத்து வீடா இது?”

தம்பிமார் சஹனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் கையில் சாவியோடு, எண்ணெய் தீர்ந்த எஞ்சின் மாதிரி நின்றார். சம்பந்தி தாடியைத் துடைத்தார். துடைத்த விரலை வாயில் வைத்தார். இன்னொரு தரம் வைத்தார்.

“கேஸோட கசகசா… நான் இவ்வளவு காலம் கடை வெச்சும் குடிச்சதில்லையே. சோக்கா இருக்கு!” குடத்தின் அருகே நகர்ந்தார். “குழாய் ஒடுக்கம், சம்பந்தி. அகட்டுங்க.”

“அகட்டினா வேகமாப் பாயும். கேஸ் கோப்பைக்கு வராது.”

“ஹரி,” என்று சிங்களத்தில் சரி சொன்னார் சம்பந்தி, “அப்ப வளைச்சுப் பாருங்க.”

“வளைச்சா இன்னும் அடைக்கும்!”

புரியாணி ஆறியது. இருவரும் அதே புரியாணி எண்ணெயைத் தொட்டுப் பாயில் படம் கீறத் தொடங்கினார்கள். கடைசியில் திரைச்சீலைதான் பேசியது: “கசகசாவக் கோப்பையில போட்டு, மேல ஊத்தினா என்ன?”

போத்தல் வேண்டாம் என்று சம்பந்தி அங்கேயே முடிவெடுத்தார். சஹனுக்கொரு குடம் செய்ய நாள் போதாது. ஒரே பெரிய குடமாகச் செய்து கலியாண மண்டப வாசலில் நிறுத்தினோம். கோப்பையில் ஊற்றியதும் குமிழிகள் கசகசாவை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு மேலே போயின. மேலே போய்க் குமிழி உடைந்ததும் அவை கீழே விழுந்தன, மறுபடியும் ஏறின. வந்தவர்கள் குடிக்க மறந்து கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான்.

ஆனால் பைப்பைப் பிடித்தவர் சம்பந்தி. சட்டைக் கையை மடித்துவிட்டு, வேறொருவரையும் கிட்ட விடவில்லை. “மாப்பிள்ளைட வாப்பாவே நிண்டு குடிக்கத் தாறார், மாஷா அல்லாஹ்” என்று ஊர் புகழ்ந்தது. “சிலாபத்தாக்கள் சிலாபத்தாக்கள்தான்.”

மச்சான் பெண்கள் பக்கத்துக் கதவடியில் வந்து நின்றார். “நாங்க செஞ்சதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது” என்றார்.

“தெரிஞ்ச எங்களுக்கு இன்னும் ஒரு சொட்டும் வரயில்ல” என்று ஒரு ஜக்கை அவர் கையில் திணித்தாள் தாத்தா.

அவர் அதை ஏந்திக்கொண்டு வாசலுக்குப் போனார். சம்பந்தி நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

“வரிசையில வாங்க” என்றார்.