திருச்சி விமானமும் சுடுகாட்டு வரப்பும்

அப்பா செத்துப்போனார் என்று தங்கை போன் செய்தபோது நான் சென்னையில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் கம்பி கட்டிக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டு, திருப்பூர், பம்பாய் என்று சுற்றிவிட்டு அங்கே வந்து சேர்ந்திருந்தேன். பொழுது சாய்வதற்குள் கொள்ளி வைத்தாக வேண்டும். மகன் என்று இருப்பது நான் ஒருவன்தான். பஸ்ஸில் போனால் ஆகாது என்று மேஸ்திரி விமானத்துக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தார். திருச்சிக்கு ஒரு மணி நேரம்தான் என்றார். அதை அப்படியே தங்கையிடம் சொன்னேன்.

அங்கேதான் தப்பு நடந்தது. எங்கள் தெருவில் யாரும் விமானத்தில் போனதில்லை. ஒரு மணி நேரத்தில் வாசலில் வந்து நிற்பேன் என்று நினைத்து, நான் ஏறிவிட்டேன் என்றதும் அப்பாவைக் குளிப்பாட்டிப் பாடையில் வைத்துத் தூக்கிவிட்டார்கள். தூக்கிய பாடையை வீட்டுக்குத் திருப்பக் கூடாது. வானத்தில் முந்நூறு கிலோமீட்டர் போனதே தெரியவில்லை. திருச்சியில் இறங்கி, தஞ்சாவூர் தாண்டி, மன்னார்குடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு பஸ் மாறி மாறி நான் வந்து சேரும்வரை அப்பா வெயிலில் கிடந்தார்.

கிடந்த இடம் சிமெண்டுப் பாதை முடிகிற இடம். சுடுகாட்டுக்குப் பாதை போடுவதாகத் தேர்தலுக்குத் தேர்தல் இரண்டு கட்சிக்காரர்களும் சொல்வார்கள். ஓர் ஆட்சியில் பாதி போட்டார்கள். மிராசு வீட்டு வயல் வந்ததும் பாதை நின்றுவிட்டது. ஊர்த்தெரு வழியாக எங்கள் பிணம் போகக் கூடாது. மிச்சம் இருப்பது வரப்புதான்.

அந்த வயலை அப்பா குத்தகைக்கு உழுதவர். குத்தகையைப் பதிவு செய்யச் சொல்லிக் கேட்டார் என்று வயலைவிட்டு இறக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு வருஷா வருஷம் வரப்பின் ஓரத்தை மண்வெட்டியால் செதுக்கிச் செதுக்கி, ஒற்றை ஆள் நடக்கிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பாடைக்கு நான்கு பேர் வேண்டும். இரண்டு பக்கமும் வயலில் இறங்காமல் முடியாது. வயலில் நட்டுப் பச்சை பிடித்த நாற்று.

மிராசுதாரின் மகன், என் வயதுக்காரன், பைக்கைக் குறுக்கே நிறுத்தியிருந்தான். கரைவேட்டி கட்டிய கட்சிக் கிளைச் செயலாளர் பக்கத்தில் நின்று இரண்டு தரப்புக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். பயிரில் கால் படக் கூடாது என்றானாம். தங்கை புருஷன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"வேற எப்படிங்க தூக்கிட்டுப் போறது?"

அவன் என்னைப் பார்த்தான். "மெட்ராஸ்லேருந்து பறந்து வந்தவன்தானடா உன் மச்சான்? அவனையே பறந்து தூக்கிட்டுப் போகச் சொல்லு."

செயலாளர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வெயில் மஞ்சளாகிவிட்டது. கொள்ளிச்சட்டியை வாங்கிக்கொண்டு, பைக்கைச் சுற்றி நேராக வயலில் இறங்கினேன். கணுக்கால்வரை சேறு.

"நாத்தைப் பாக்காதீங்க மாப்ள. இறங்குங்க."

இறங்கினார்கள். ஆனால் தலைமுறை தலைமுறையாக நாற்று நட்டவர்களின் கால்கள், மிதித்துப் பழக்கமில்லை. தோளில் பிணத்தை வைத்துக்கொண்டு, நாற்றுக்கு நாற்று இடைவெளி பார்த்துக் கால் வைத்தார்கள். பாடை ஆடியது. பைக் அருகே நின்றவனைவிட இவர்கள் மேல்தான் எனக்கு ஆத்திரம் பொங்கியது. மிதிங்க என்று கத்தினேன். யாரும் மிதிக்கவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே கொள்ளி வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை, பயிரை அழித்ததாகப் புகார் என்று ஸ்டேஷனிலிருந்து ஒரு போலீஸ்காரர் அதே வரப்பில் என்னைத் தேடி வந்தார். நான் சாம்பலுக்குப் பால் தெளித்துக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டு வருகிறேன், நில்லுங்கள் என்றேன். நின்றார்.