இரண்டாம் குரல்

சென்ற ஆண்டு பரணிலிருந்து பழைய கசெற்றுகளை இறக்கினேன். நான் தமிழில் கன்ட்ரி ரொக் பாட்டுகள் எழுதிப் பாடுகிறவன். பின்னாளில் எழுதியவற்றை லண்டன் கலைவிழா மேடைகளில் நாலு பேர் கேட்டிருப்பார்கள். முதலில் எழுதியவை வெளிவரவேயில்லை. பெற்றோல் செட்டில் வேலை பார்த்த காலத்தில், ரெய்னர்ஸ் லேனில் ஒரு கடைக்கு மேலே இருந்த எங்கள் அறையில், நானும் மனைவியும் பாடிப் பதிந்தவை அவை. இதுவும் ஒரு தமிழ்ப்பாட்டா என்று கேட்டுவிட்டு ஒருவரும் எடுக்கவில்லை.

முன்குரல் நான். இரண்டாம் குரல் அவள். என் குரல் சாதாரணம்தான். அவள் சேர்ந்த பிறகே அது பாட்டாகும்.

சில வருடங்களுக்கு முன் அவளுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. அறுவைச் சிகிச்சையில் உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. இப்போது மூச்சுக்காற்றால்தான் பேசுகிறாள்.

விம்பிள்டனில் எங்கள் குசினியில் கசெற்றைப் போட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தன் குரல் வந்ததும் கத்தியை வைத்துவிட்டாள். உதடுகள் சொற்களோடு அசைந்தன. எனக்குத் தாங்கவில்லை, நிறுத்தப் போனேன்.

"விடுங்கோ. ஓடட்டும்."

பாட்டு முடிந்ததும் கேட்டாள்: "இதை மேடையில பாடினால் என்ன?"

"நீர் இல்லாமலோ?"

"நான்தான் உதுக்குள்ள இருக்கிறனே."

அவளுடைய பழைய குரலைக் கணினியில் பிரித்தெடுத்து, அதோடு நான் நேரில் பாடுவதென்று முடிவு செய்தோம். வயது என் குரலை இறக்கிவிட்டிருந்தது. பதிவின் சுருதியைக் குறைத்துப் பார்த்தேன். அவள் குரல் வேறு யாருடையதோ போலாகிவிட்டது. ஆகவே எனக்கு எட்டாத உயரத்திலேயே பாடப் பழகினேன். பிழைவிட்ட இடங்களில் மேசையில் தட்டிக் காட்டினாள்.

ரெய்னர்ஸ் லேனில் ஒரு சிறிய மண்டபம், ஞாயிறு மத்தியானம். கடைசிப் பாட்டில் பல்லவி திரும்பும்போது என் குரல் உடைந்தது. அவள் குரல் நிற்கவில்லை. தனியாகப் பாடி முடித்தது. வேண்டுமென்றே அப்படி அமைத்ததாக நினைத்துச் சனம் கைதட்டியது.

தேநீர் குடிக்கும்போது ஒரு பெண் எங்களிடம் வந்தார்.

"அண்ணை, நல்லா இருந்துது. அதில பாடின பிள்ளை ஆர்? என்ன குரல்! ஏன் கூட்டிக்கொண்டு வரேல்லை?"

மனைவி என் பக்கத்திலேயே கடதாசிக் கோப்பையோடு நின்றாள். சொல்ல வாயெடுத்தேன். அவள் என் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்து, தானே பதில் சொன்னாள். மண்டபத்து இரைச்சலில் அது கேட்கவில்லை.

"என்னக்கா?" என்று அந்தப் பெண் குனிந்தார்.

அவள் என்னைப் பார்த்தாள். அவள் சொன்னதை நான்தான் சத்தமாகச் சொல்லவேண்டியிருந்தது.

"அவவுக்கு வர ஏலாமப் போச்சுதாம்."

"அடுத்தமுறை கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ."

ரயில் சத்தத்தில் அவள் பேசுவது கேட்காது என்பதால் வீடு திரும்பும் வழியில் பேசவில்லை. ஏர்ல்ஸ் கோர்ட்டில் விம்பிள்டன் ரயிலுக்குக் காத்து நின்றபோது என் காதருகே வந்தாள்.

"நான் நல்லாத்தான் பாடியிருக்கிறன், என்ன?"

"ஓம்."

"பிறகேன் அந்த நாளில ஒருத்தரும் சொல்லேல்லை?"

"நான் சொன்னனான்தானே."

"நீங்கள் சொல்லுவியள்..."

ரயில் வந்தது. விம்பிள்டன் வரும்வரை அழுதாள். பக்கத்து இருக்கையில் இருந்தவருக்குக்கூடக் கேட்கவில்லை.

அந்தப் பாட்டுகளை அதன்பின் நான் மேடைக்குக் கொண்டுபோகவில்லை. சில மாலைகளில் அவளே கசெற்றைப் போடுவாள். நான் கிற்றாரைத் தொடமாட்டேன். இருவரும் கேட்டுக்கொண்டிருப்போம்.