படத்தில் இல்லாத சோறு

கொரோனா வந்து விடுதியைப் பூட்டியபோது எங்கள் கல்லூரிப் பெண்கள் கபடி அணிக்கு நான்தான் கேப்டன். டவுனில் வீடு இருந்தும் நான் விடுதியில் தங்கியதற்குக் காரணம், அணிக்காரர்களுக்கு அங்கே தனிச் சாப்பாடு உண்டு. காலையில் இரண்டு முட்டை, சாயங்காலம் சுண்டல், வாரத்தில் இரண்டு நாள் கறி. வீட்டுக்குப் போனால் பிள்ளைகள் எதைத் தின்னுமோ என்று உடற்கல்வி மேடத்துக்குக் கவலை. அதனால் தினமும் மதியச் சாப்பாட்டுத் தட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லிவிட்டார்.

அத்தா பிரியாணிக் கடை வைத்திருந்தார். கடையை மூடியதும் சீரகச் சம்பா மூட்டைகள் வீட்டுக்கு வந்துவிட்டன. வைத்திருந்தால் வண்டு விழுந்துவிடும் என்று அம்மா சொல்ல, சும்மா உட்காரத் தெரியாத அத்தா தினமும் சமைத்தார். நூறு பேருக்கு ஆக்கிப் பழகிய கைக்கு நாலு பேர் கணக்கு பிடிபடவே இல்லை. நான் பயத்தில் தின்றேன். தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் என் கால்கள் தாமாக அடுக்களைக்குப் போகும்.

படத்துக்கு மட்டும் ஒரு கரண்டி சோறு, நாலு வெள்ளரித் துண்டு, ஒரு முட்டை. கேப்டன் ஆயிற்றே, முன்மாதிரியாக இருக்க வேண்டாமா? படம் போய்ச் சேர்ந்ததும் தட்டை நிரப்பிக்கொண்டு உட்காருவேன்.

எங்கள் அணியில் ரைடு போகிறவள் ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். அவள் வீட்டில் மல்லிகைத் தோட்டம். கோயிலும் கல்யாணமும் நின்றுபோக, பூவை வாங்க ஆளில்லாமல் செடியிலேயே விட்டிருந்தார்கள். பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகி, விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்குப் போவது ஒன்றுதான் அவள் கனவு. வீட்டின் கனவும் அதுதான். அவள் அனுப்பும் படத்தில் கொஞ்சம் சோறு, கீரை, இரண்டாக நறுக்கி மஞ்சள் கரு தெரிய வைத்த முட்டை இருக்கும். அவள் தட்டைப் பார்த்துப் படிக்கும்படி மேடம் எங்களுக்கு எழுதுவார். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

கல்லூரி திறந்ததும் எடை பார்த்தார்கள். எனக்கு எட்டுக் கிலோ கூடியிருந்தது. தைராய்டாக இருக்கும் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். கூசாமல்தான் சொன்னேன். அவளோ ரொம்ப இளைத்திருந்தாள். ஒழுங்காகச் சாப்பிட்டதால் உடம்பு கட்டுக்குள் வந்திருக்கிறது என்று மேடம் அவளை மெச்சினார்.

பல்கலைக்கழக அணித் தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது. முதல் பயிற்சியில் ரைடு வந்தவளின் கணுக்காலைப் பிடித்தேன். முன்பெல்லாம் என் பிடியை உதறிவிட்டுக் கோட்டைத் தொட்டுவிடுவாள். அன்றைக்கு அவள் உதறவே இல்லை. என் விரல்கள் அந்தக் காலைச் சுற்றி வளைத்து ஒன்றையொன்று தொட்டன. அப்படியே சரிந்து விழுந்தாள். தண்ணீர் தெளித்தும் எழ வெகுநேரம் ஆயிற்று. முன்கை எலும்பு முறிந்திருந்தது. உடம்பில் ரத்தமே இல்லை, ஆறு மாதத்துக்கு ஆட்டத்தை மறந்துவிட வேண்டும் என்றார் டாக்டர். தேர்வு அவள் இல்லாமலே நடந்து முடிந்தது. நான் தேர்வானேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தா கட்டிக்கொடுத்த பிரியாணித் தூக்கோடு ஆத்தூருக்குப் பஸ் ஏறினேன். அவள் வீட்டில் அக்காவின் கைக்குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவளாகவே சொன்னாள்.

"அந்த முட்டை எனக்கில்ல கேப்டன். மாசமா இருந்த அக்காவுக்கு. ரெண்டு கோழிதான் இருந்துச்சு. அக்கா சாப்பிடுறதுக்கு முன்னால தட்டோட வாங்கிப் படம் புடிச்சிட்டு திருப்பிக் குடுத்துருவேன்."

ரொம்பப் பட்டினியா என்று கேட்டேன். ரேஷன் அரிசியில் எல்லோருக்கும் பங்கு வைத்தால் கடைசியில் தனக்கு ரசம்தான் மிஞ்சும் என்றாள். வருத்தமில்லாமல்தான் சொன்னாள்.

"பசிக்கிறப்ப ஒன் தட்டுப் படத்தை எடுத்துப் பாப்பேன். டவுன்ல, பிரியாணிக் கடை வச்சிருக்கிறவுக வீட்லயே இம்புட்டுத்தான் சாப்பிடுறா, நமக்கென்னன்னு தோணும். செத்த நேரத்துல பசி அடங்கிரும்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தைராய்டு பொய், வெள்ளரிக்காய் பொய், அந்த ஒரு கரண்டி சோறு பொய் என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் அவள் நல்ல கையால் தூக்கைத் திறந்து, இருந்ததிலேயே பெரிய கறித் துண்டைத் தேடி எடுத்து என் தட்டில் வைத்தாள்.

"பாவம், அம்புட்டுக் கொஞ்சமா சாப்ட்டும் ஒனக்கு ஒடம்பு போட்டுருச்சு. இன்னைக்காச்சும் வயிறாரச் சாப்பிடு."

நிமிராமல் தின்றேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.