சம்ப்பில் நின்றபடி மாமா திறந்த கதவு

கல்லூரி முடிந்து, வேலையும் கிடைத்து, ஆனால் என்றைக்கு வந்து சேரவேண்டும் என்று மட்டும் கம்பெனி சொல்லாமல் இழுத்தடித்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை. அமெரிக்காவில் ஏதோ வங்கிகள் படுத்துக்கொண்டதால் ராஜகீழ்ப்பாக்கத்தில் நானும் மத்தியானம் வரை படுத்துக்கொண்டிருந்தேன். பையனுக்குப் பெரிய வேலை கிடைத்துவிட்டது என்று அம்மா முன்கூட்டியே தெரு முழுக்கச் சொல்லிவிட்டிருந்தாள். அதனால் பகல் வேளையில் நான் வாசல் பக்கம் தலைகாட்டக்கூடாது என்று உத்தரவு. அப்பாவுக்கு வெளியூரில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். ஆகவே வீட்டில் நான், அம்மா, ஹாலில் பூப்போட்ட துணியால் மூடிய ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் கூடப் படித்தவன் ஒருவன் சிடியில் எழுதி ஒரு கேம் கொடுத்தான். துப்பாக்கி இல்லை, எதிரி இல்லை, கார் இல்லை. ஒரு தீவில் இடிந்து கிடக்கும் பழங்காலக் கோயில் ஒன்றுக்குள் நாம் தன்னந்தனியாக நடந்துபோகவேண்டும். கதவுகள் எல்லாம் மூடிக் கிடக்கும். கல்லைத் தூக்கி வைத்து, பலகையைச் சாய்த்து, கயிற்றை இழுத்து ஒவ்வொன்றாகத் திறக்கவேண்டும். எடை, சாய்வு, சமநிலை என்று பள்ளிக்கூடத்தில் நான் தூங்கிக் கழித்த பாடங்கள் எல்லாம் கதவு வடிவத்தில் வந்து நின்றன. எங்கள் கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டு கிடையாது. அதனால் தீவைச் சுற்றியிருந்த கடல், நீலத் தார்ப்பாய் விரித்த மாதிரி அசையாமல் கிடந்தது. மற்றபடி நன்றாகவே இருந்தது.

முதல் நாளே அம்மா பின்னால் வந்து நின்றாள்.

"ஆள் எங்கடா?"

"நான்தாம்மா ஆள். நம்ம கண்ணு வழியா பாக்குற மாதிரி கேம்."

"உன்னைக் காணோமே?"

"கண்ணு வழியா பாத்தா நாம எப்படித் தெரிவோம்?"

அம்மா திரைக்குப் பக்கத்தில் காதை வைத்து, "டக் டக்னு சத்தம் வருதே, அது என்ன?" என்றாள்.

"நான் நடக்கிற சத்தம்."

"கோயிலுக்குள்ள ஷூவோடயா நடக்கிற? கழட்டுடா."

கேமில் ஷூவைக் கழற்ற வழி இல்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கடைசியில் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுத்தான் விளையாட முடிந்தது. அம்மாவின் கணக்கில் சத்தம் இல்லையென்றால் வெறுங்கால்.

ஐந்தாவது அறையில் மாட்டிக்கொண்டேன். அறையின் நடுவே குறுக்காக ஒரு பள்ளம். அந்தப் பக்கம் ஒரு கல்கதவு, அதற்கு முன்னால் தரையில் சதுரமாக ஒரு கல். அந்தச் சதுரத்தின்மேல் எடை இருக்கும்வரை கதவு திறந்திருக்கும், எடை போனால் மூடிவிடும். இந்தப் பக்கம் என்னிடம் இருந்தவை ஒரு பெரிய கல், ஒரு சின்னக் கல், ஒரு பலகை. பலகையோ பள்ளத்தைவிடக் குட்டை.

பாதி வழி எனக்கே புரிந்தது. பலகையின் பாதியைப் பள்ளத்துக்கு மேல் நீட்டி, இந்தப் பக்க முனையில் பெரிய கல்லை வைத்துவிட்டால் அது பிடித்துக்கொள்ளும். நீட்டிய முனைவரை நடந்துபோய் ஒரு தாவு தாவினால் அந்தப் பக்கம் போய்விடலாம். போனேன். சதுரத்தில் நின்றேன், கதவு திறந்தது. கதவை நோக்கி நடந்தேன், மூடிக்கொண்டது. ஆகவே சதுரத்தின்மேல் வைப்பதற்குச் சின்னக் கல்லையும் அந்தப் பக்கம் கொண்டுபோகவேண்டும். ஆனால் அதைக் கையில் தூக்கிக்கொண்டு பலகையில் நடந்தால் எடை கூடிப் பலகை கவிழ்ந்து நான் பள்ளத்துக்குள். ஒரு வாரம் இதே பிழைப்பு. சாப்பிடக் கூப்பிட வரும் அம்மா, "இன்னும் விழுந்துகிட்டுதான் இருக்கியா?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

இந்த நிலையில்தான் அக்காவும் மாமாவும் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் குடியிருந்த வீட்டுக்கு ஓனர் பெயின்ட் அடிக்கிறார், வாசனை தாங்கவில்லை, பத்து நாள் இங்கே இருக்கிறோம் என்றாள் அக்கா. மாமா, அதாவது அக்காவின் கணவர், மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இன்ஜினியர். நல்ல மனுஷன். ஆனால் ஒரு கெட்ட பழக்கம் உண்டு: ஆடும் ஸ்டூலைக் கண்டால் உட்காராமல் அதன் காலை ஆராய்வார்.

வந்த அன்றைக்கே என் பின்னால் நின்று நான் மூன்று முறை விழுவதைப் பார்த்தார்.

"தள்ளு மச்சான். இது சிம்பிள். மொமென்ட். எடையைத் தூரத்தால பெருக்குற கணக்கு. இன்ஜினியரிங் முதல் வருஷப் பாடம்."

அவரும் மூன்று முறை விழுந்தார். பிறகு கம்ப்யூட்டர் டேபிள் டிராயரிலிருந்து ஸ்கேலை எடுத்து மானிட்டர்மேல் வைத்து பலகையை அளந்தார். கல்லை அளந்தார். பள்ளத்தை அளந்தார். சாப்பிடும்போது ரசத்தால் தட்டில் கோடு போட்டுப் பார்த்தார். மறுநாள் கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் அதே யோசனைதானாம், இறங்கவேண்டிய கேட்டைத் தாண்டிப் போய்விட்டாராம். சாயங்காலம் வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் தீர்ப்புச் சொன்னார்.

"கேம்ல தப்பு மச்சான். நான் கணக்குப் போட்டுட்டேன். அந்தப் பலகை கவிழவே கூடாது. இதைச் செஞ்சவனுக்கு பிசிக்ஸ் தெரியல."

"தெரியாமலா மாப்பிள்ளை, இவ்ளோ பெரிய கோயில் கட்டியிருக்கான்?" என்றாள் அம்மா.

மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. மாமியார் வாயால் அதைக் கேட்டபிறகு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை காபியைக் குடித்துவிட்டு, "நேர்லயே செஞ்சு காட்டிடறேன்" என்றார்.

வீட்டுக்குப் பின்னால், லாரித் தண்ணீர் வாங்கி நிரப்புவதற்காக அப்பா ஒரு சம்ப், அதாவது தரைக்கடித் தொட்டி, தோண்ட ஆரம்பித்திருந்தார். குழி வெட்டி, உள்ளே பூசி முடித்த கையோடு மேஸ்திரி வேறு வேலைக்குப் போய்விட்டார். ஆளைவிட ஆழம், அடியில் முழங்கால் அளவு மழைத்தண்ணீர், அதில் நாலைந்து தவளை. ஓரத்தில் மணல் குவியல், கான்கிரீட் போடுவதற்கு முட்டுக்கொடுக்கும் சென்ட்ரிங் பலகை, மழையில் நனைந்து தலையணை வடிவத்தில் கல்லாகிவிட்ட ஒரு சிமென்ட் மூட்டை. கேமில் இருந்த அறையை யாரோ எங்கள் வீட்டைப் பார்த்துத்தான் செய்திருக்கவேண்டும்.

சிமென்ட் மூட்டை பெரிய கல். சின்னக் கல்லுக்கு மாமா சமையலறைக்குப் போய் கிரைண்டர் குழவியைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"மாப்பிள்ளை, சாயங்காலம் இட்லிக்கு அரைக்கணும்" என்று அம்மா பின்னாலேயே வந்தாள்.

"அஞ்சு நிமிஷம் அத்தை. ஒரு கதவு திறக்கணும்."

பலகையைக் குழிக்குமேல் பாதி நீட்டினோம். இந்தப் பக்க முனையில் சிமென்ட் மூட்டையை இருவருமாக உருட்டி வைத்தோம். மாமா செங்கல் துண்டால் காம்பவுண்டு சுவரில் கணக்கை எழுதினார். தண்ணீர் குடித்து இறுகிய மூட்டை எழுபத்திரண்டு, குழவி பத்து, தன் எடை அறுபது.

சமையலறை ஜன்னலில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்தாள். "யாருங்க அந்த அறுபது?"

"நான்தான்."

"அது ஜாதகத்தோட கொடுத்தனுப்புன அறுபது. கல்யாணமாகி நாலு வருஷம் ஆச்சு. எழுபத்தெட்டுன்னு போடுங்க."

"கொஞ்சம் முன்னபின்ன இருக்கலாம், அதெல்லாம் டாலரன்ஸுக்குள்ள வரும்மா" என்றார் மாமா. அவர் தொழிற்சாலையில் தயாரான கார் பாகங்களை நினைத்து எனக்கு லேசாகப் பயம் வந்தது.

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, குழவியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் அணைத்துக்கொண்டு மாமா பலகையில் ஏறினார். முதல் அடி. பலகை அசையவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். இரண்டாவது அடி. "பாத்தியா மச்சான், கேம்லதான்..." என்று ஆரம்பித்தார். சிமென்ட் மூட்டை மெதுவாக, அவரை வரவேற்க எழுந்திருப்பதுபோல, மேலே எழுந்தது.

நான் பாய்ந்துபோய் மூட்டைமேல் உட்கார்ந்திருக்கலாம். தோன்றவில்லை. வாயைப் பிளந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். மாமாவும் அவசரப்படவில்லை. சாயும் பலகையில் சறுக்குமரம் விளையாடுவதுபோல உட்கார்ந்த நிலையில் இறங்கினார். போகிற போக்கில் கைகள் தாமாக விரிய, குழவி அவர் மார்பிலிருந்து கிளம்பிக் குழியைத் தாண்டிப் பறந்து, அந்தப் பக்க மணல் குவியலில் பொத்தென்று உட்கார்ந்தது. நல்லவேளை, மூட்டை பலகையிலிருந்து புரண்டு குழிக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. பிறகு ஒரு பெரிய தண்ணீர்ச் சத்தம். தவளைகள் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

"ஐயோ, குழவி!" என்றாள் அம்மா. உடனே திருத்திக்கொண்டு, "ஐயோ, மாப்பிள்ளை!" என்றாள்.

அக்கா கத்தியும் கையுமாக ஓடி வந்தாள். உள்ளே மாமா முழங்கால் தண்ணீரில் எழுந்து நின்றுகொண்டிருந்தார். முகத்தில் வலி இல்லை, கோபம் இல்லை. மணல் குவியலையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான்! குழவி எங்க?"

"அந்தப் பக்கம் மாமா. மணல்மேல இருக்கு."

"தூக்கிட்டுப் போகவே வேணாம்டா! தூக்கிப் போடு! முதல்ல கல்லைத் தூக்கி அந்தப் பக்கம் போடு, அப்புறம் வெறுங்கையோட நட! ஓடு, ஓடிப்போய்ப் பாரு!"

"உங்களை மேல தூக்கிட்டு..."

"நான் எங்கடா போகப்போறேன்? ஓடு!"

ஓடினேன். கம்ப்யூட்டர் உயிர் பெறவே நாலைந்து நிமிஷம் ஆகும். அது வரைக்கும் பின்பக்கத்திலிருந்து, "என்ன ஆச்சு?" என்ற மாமாவின் குரலும், "இன்னும் ஆன் ஆகலையாம்" என்ற அக்காவின் குரலும் மாறிமாறி வந்துகொண்டிருந்தன. கேமில் சின்னக் கல்லைத் தூக்கி, மவுஸை வேகமாக வீசி விட்டேன். இரண்டு முறை பள்ளத்தில் விழுந்து தொலைந்தது. மூன்றாவது முறை பறந்துபோய்ச் சதுரத்துக்குப் பக்கத்தில் விழுந்து, ஒரு புரள் புரண்டு, அதன்மேலேயே ஏறி நின்றது. கதவு திறந்தது. வெறுங்கையோடு பலகையில் நடந்து, தாவி, கதவுக்குள் போய்விட்டேன்.

"திறந்துடுச்சு மாமா!" என்று கத்தினேன்.

சம்ப்புக்குள்ளிருந்து வந்த கூச்சலில் பின்வீட்டில் இருக்கும், ஆட்டோ ஓட்டும் அண்ணன் வந்துவிட்டார். காம்பவுண்டுக்கு மேலாக எட்டிப் பார்த்தவர், தண்ணீரில் நின்றபடி கைதட்டும் மாமாவைக் கண்டு திகைத்துப்போனார்.

"இன்னா சார், உள்ள நின்னுகினு கை தட்றீங்க? இன்னாத்துக்கு?"

"கதவு திறந்துடுச்சு அண்ணா!"

அண்ணன் குழியைச் சுற்றிலும் பார்த்தார். "கதவா? எங்க கீது?"

அம்மாதான் விளக்கம் சொன்னாள். "கம்ப்யூட்டர்ல ஒரு கோயில் இருக்குப்பா. அதுல மூடியிருந்தது. இவர் இங்க விழுந்ததும் அங்க திறந்துடுச்சு."

அண்ணன் ஒரு கேள்வியும் கேட்காமல் போய் ஏணி கொண்டுவந்தார். அன்றிலிருந்து அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கும்பிடு போட ஆரம்பித்தார்.

மாமா ஏணியில் கால் வைத்தபோதுதான் வலது கணுக்கால் தன் கஷ்டத்தைத் தெரிவித்தது. மேலே வருவதற்குள் பூரி மாதிரி வீங்கிவிட்டது. அண்ணனின் ஆட்டோவிலேயே சேலையூர் பக்கம் ஒரு டாக்டரிடம் போனோம். ஐம்பது வயது இருக்கும், சிடுசிடு முகம். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எலும்பு முறிவில்லை, சுளுக்குதான் என்று சொல்லிக் கட்டுப் போட ஆரம்பித்தார்.

"எப்படி விழுந்தீங்க?"

மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா கூரையைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் மாமா நடந்ததைச் சொன்னார். தீவு, கோயில், பள்ளம், பலகை, சிமென்ட் மூட்டை, எல்லாம். டாக்டர் கட்டுத்துணியைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். திட்டப்போகிறார் என்று நான் கதவோரம் நகர்ந்துகொண்டேன்.

"மூட்டையை முனையிலயா வச்சீங்க, நடுவுலயா?" என்றார் டாக்டர்.

"முனையிலதான் டாக்டர்."

"வெளிய பாதிக்குப் பதிலா மூணுல ஒரு பங்கு நீட்டியிருந்தா?"

"தாவ முடியாது டாக்டர். தூரம் ஜாஸ்தி."

டாக்டர் தலையசைத்தார். மேஜைமேல் ஸ்டெதஸ்கோப்பை நீட்டி, மாத்திரை அட்டையைப் பலகையாக்கி, இருவரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். வெளியே இருமல்காரர்கள் இருமிக்கொண்டே இருந்தார்கள். கிளம்பும்போது டாக்டர் என் பக்கம் திரும்பி, அதே சிடுசிடு முகத்தோடு, "அந்த சிடியை ஒரு காப்பி போட்டுக் கொண்டாந்து குடு தம்பி" என்றார்.

கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து கட்டுப் பிரிக்க மாமாவைக் கூட்டிக்கொண்டு போனபோது டாக்டர் கண்ணெல்லாம் சிவந்து உட்கார்ந்திருந்தார். மாமா நொண்டியபடி வந்து நாற்காலியில் காலைத் தூக்கி வைத்தார். டாக்டர் காலைப் பார்க்கவே இல்லை.

"அதை விடுங்க சார்," என்றார். "அந்தத் தண்ணிச் சக்கரம் இருக்கிற அறையை எப்படித் தாண்டினீங்க?"