அவர் குடித்ததில்லை

அந்தமானில் ஒரு மலைச்சரிவில் வெட்டிய மரத்துண்டு உருண்டு விழுந்ததில் இறந்துபோன ஒரு மனிதரைப் பற்றி நாங்கள் மெயின்லேண்ட் என்று சொல்லும் இந்தியப் பெருநிலத்தின் ஆலயங்களில் ஒரு கதை சொல்லப்பட்டு வருகிறது. கதையில் அவர் பெருங்குடிகாரர். உண்மையில் அவர் குடித்ததே இல்லை. இந்தப் பொய்யை முதன்முதலில் சொன்னவர் என் அப்பா. அவர் அதைச் சொன்னபோது நான் மூன்றாம் வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்தேன். ஆகவே நான் எழுதுவது பிறர் சொல்லிக் கேட்ட செய்தி அன்று.

அப்பா மிஷன் உபதேசியார். நான் கைக்குழந்தையாக இருந்தபோது திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எங்களையும் கூட்டிக்கொண்டு கப்பலேறியவர். மத்திய அந்தமானின் குன்றுகளுக்கு நடுவே இருந்தது எங்கள் செட்டில்மென்ட். பள்ளத்தில் நெல்வயல், மேட்டில் வீடுகள், அதற்கும் மேலே காடு. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து நிலம் பெற்றவர்கள், ராஞ்சியிலிருந்து மரம் வெட்ட வந்தவர்கள், எங்களைப் போன்ற சில தமிழ்க் குடும்பங்கள், நாலைந்து கடைகள் என்று எண்ணிவிடக்கூடிய ஊர். மழைக்காலத்தில் அட்டைகளுக்காகக் காலில் புகையிலைத் தண்ணீரைப் பூசிக்கொண்டு அப்பா ஒவ்வொரு மேடாக ஏறுவார். காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பார்; மனு எழுதித் தருவார்; எந்த வீட்டில் சாவு என்றாலும் கூப்பிடாமலே போய் நிற்பார். இவற்றை நான் மறைக்கவில்லை. இவற்றைச் செய்தவர் அதையும் செய்தார் என்பதால்தான் என் கோபம் இத்தனை ஆண்டுகளாகியும் ஆறவில்லை.

எங்கள் ஞாயிறு ஆராதனை இரண்டு மொழிகளில் நடக்கும். அப்பா ஒரு வாக்கியத்தைத் தமிழில் சொல்லி நிறுத்துவார். அதையே, தீவில் எல்லோருக்கும் பொதுவாகிவிட்ட இந்தியில் மறுபடி சொல்வார். வெளியிலிருந்து யாராவது பேச வந்தால் பக்கத்தில் நின்று இதே வேலையை அவர்களுக்காகச் செய்வார். பிள்ளைகளாகிய நாங்கள் இதை விளையாட்டாக்கிக்கொண்டோம். ஒருத்தி பிரசங்கி, மற்றொருத்தி மொழிபெயர்ப்பாளர். எதிர்மேட்டு வங்காள வீட்டுப் பெண், என் வகுப்புத் தோழி, எப்போதும் பிரசங்கியாகவே இருப்பாள். "ஏ பாவிகளே, உங்களுக்கு வெக்கமா இல்லியா?" என்று கல்மேல் ஏறித் தமிழில் முழங்குவாள். நான் அதை இந்தியில் முழங்க வேண்டும். எங்கள் வீட்டு அடுப்படியில் வளர்ந்த தமிழ் அது. அம்மாவின் வசவுகள்கூட அவளுக்கு என்னைவிடச் சரளமாக வரும். பெரியவர்கள் எவரும் இதைக் கவனித்ததில்லை. அவர்கள் ஆளுக்கொரு மொழியோடு வந்து இறங்கியவர்கள். பிள்ளைகளும் அப்படியே இருப்பார்கள் என்று நம்பினார்கள்.

அவளுடைய அம்மாவை நான் மாஷி என்று கூப்பிடுவேன். வங்காளத்தில் சித்திக்கு அதுதான் பெயர். மாஷியின் கணவர் மெலிந்த, கூச்சமுள்ள மனிதர். அறுப்பு முடிந்த மாதங்களில் காட்டுக்குத் தடி இழுக்கும் வேலைக்குப் போவார்; வெட்டிய மரத்துண்டைத்தான் அங்கே தடி என்பார்கள். பழைய சோறு ஒருநாள் கூடுதலாகப் புளித்துவிட்டால் தொடமாட்டார். தலை சுற்றுகிறது என்பார். இதை வைத்து மாஷி அவரைப் பாடாய்ப் படுத்துவாள். "சோற்றுத் தண்ணீரில் மயங்குகிற ஆண்பிள்ளையை எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?" என்று என்னிடம் கேட்பாள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

மழை முந்திக்கொண்ட ஓர் ஆண்டு, சரிவில் ஒரு படாக் மரத்தின் தடி அடிக்கட்டையில் சிக்கி நின்றது. கீழ்ப்பக்கம் நின்று கடப்பாரையால் நெம்பியவர் அவர். தடி விடுபட்டது. மூங்கில் பாடையில் அவரைச் சுமந்து இறங்கிய நால்வரில் என் அப்பாவும் ஒருவர். அப்பாவின் சட்டையிலிருந்த கறையை அம்மா இரண்டு முறை துவைத்தாள். பிறகு அந்தச் சட்டையைக் கிழித்து விளக்குத் துணியாக்கினாள்.

அதற்குப் பிறகு மாஷி ஜெபக் கொட்டகைக்கு வரத் தொடங்கினாள். யாரும் அழைக்கவில்லை. "அங்கே உட்கார்ந்து அழுதால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை" என்று அம்மாவிடம் சொன்னாளாம். ஒரு மதத்துக்குள் வருவதற்கு இதைவிட நேர்மையான காரணத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

அடுத்த கோடையில் மெயின்லேண்டிலிருந்து இந்தி தெரியாத ஒரு தமிழ்ப் பிரசங்கியார் சிலரோடு வந்தார். போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்னும் பகுதியில் ஒரு விசுவாசி வீட்டில் தங்கி, படகிலும் ஜீப்பிலுமாக எங்கள் மேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். எங்கள் ஓலைக் கொட்டகைக்குப் பதிலாகத் தகரக் கூரையோடு ஓர் ஆலயம் கட்டித் தருவதா என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அப்பா ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

பாட்டு முடிந்ததும் பிரசங்கியார் கேட்டார்: "இங்க ரட்சிக்கப்பட்ட குடும்பம் ஏதாவது சாட்சி சொல்லட்டுமே, உபதேசியாரே."

சாட்சி என்பது எங்கள் சபைகளின் வழக்கம். முன்பு எப்படி இருந்தேன், இப்போது எப்படி இருக்கிறேன் என்று சபை நடுவே எழுந்து சொல்ல வேண்டும். அப்பா மாஷியைப் பார்த்தார். மாஷி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். இந்தியில் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்தினாள். அந்த ஒழுங்கு அவளுக்கும் பழகியிருந்தது.

"என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். என்னை ஒருநாளும் கடிந்து பேசியதில்லை" என்றாள்.

அப்பா தமிழில் சொன்னார்: "எம் புருஷன் பெருங்குடிகாரன். என்னையும் பிள்ளையையும் அடிக்காத நாளே கிடையாது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்பா வேறு யாரைப் பற்றியோ சொல்கிறார் என்று நினைத்தேன்.

"புளித்த சோறுகூடச் சாப்பிடமாட்டார். தலை சுற்றுகிறது என்பார்" என்றாள் மாஷி. சொல்லும்போதே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது.

"வீட்டுல சோறு இருக்காது. இருக்கிறதையும் வித்துக் குடிச்சுருவான்."

"மழையில் தடி உருண்டது. தாதாதான் தூக்கி வந்தார்." தாதா என்பது அண்ணன், அப்பாவை அவள் அப்படித்தான் அழைப்பாள்.

"ஒருநாள் குடிபோதையிலேயே காட்டுல விழுந்து செத்தான்."

விருந்தினர்கள் கண்களை மூடி "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்றார்கள். மாஷிக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச்சொல் அதுதான். தன் கணவருக்காகத்தான் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறார்கள் என்று எண்ணி, அவர்களைப் பார்த்துக் கைகூப்பினாள். இந்தக் காட்சியை நான் எந்த நூலிலும் படித்து அறிந்ததில்லை. ஒருவர் இறப்பைக் கொச்சைப்படுத்தியவர்களுக்கு அவர் மனைவியே நன்றி சொல்லும்படி செய்ததை எந்தச் சொல்லால் குறிப்பது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

என் பக்கத்திலிருந்து தோழி எழுந்தாள். பள்ளிக்கூடத்தில்கூட அவ்வளவு உரக்க அவள் பேசியதில்லை.

"பொய்யி! எங்கப்பா குடிக்கவே மாட்டாவ. நீங்கதான தூக்கிட்டு வந்திய, மாமா? எதுக்குப் பொய் சொல்லுதிய?"

பிரசங்கியார் மகிழ்ந்துபோனார். "பாத்தீங்களா! வங்காளிப் பிள்ளை என்னமா தமிழ் பேசுது! எப்பேர்ப்பட்ட தகப்பனா இருந்தாலும் பிள்ளை விட்டுக்கொடுக்குதா பாருங்க!"

விருந்தினர்கள் எல்லோரும் அன்போடு சிரித்தார்கள். அந்த அன்பை நான் மன்னிக்கவில்லை.

மாஷி மகளைப் பக்கத்தில் இழுத்து என்னவென்று கேட்டாள். அவள் விம்மிக்கொண்டே வங்காள மொழியில் சொன்னாள். மாஷி கூச்சலிடவில்லை. முக்காட்டைத் தள்ளிவிட்டு அப்பாவுக்கு எதிரே போய் நின்றாள்.

"தாதா, நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"அப்புறம் பேசிக்கொள்ளலாம் பெஹன். விருந்தாளிகள் இருக்கிறார்கள்." பெஹன் என்றால் இந்தியில் சகோதரி.

"அவர்கள் இருக்கும்போதுதான் சொல்ல வேண்டும். போய்விட்டால் யாரிடம் போய்ச் சொல்வேன்?"

மாஷி திரும்பி என்னைப் பார்த்தாள். "உனக்கு இரண்டும் தெரியுமே. நீ சொல்."

நான் எழுந்தேன். மாஷி முதலிலிருந்து தொடங்கினாள். ஒரு வாக்கியம், நிறுத்தம். என் தமிழ், நிறுத்தம். நல்ல மனிதர். கடிந்து பேசியதில்லை. புளித்த சோறு. மழை. தடி. தூக்கி வந்தவர் என் அப்பா. நான் எதையும் கூட்டவில்லை, எதையும் விடவில்லை. அதுதான் நான் செய்த முதல் மொழிபெயர்ப்பு. அப்பா என்னைத் தடுக்கவில்லை. பாயின் கோரைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரிம்மா, சரி. நேரமாவுது, முடிவு ஜெபம் பண்ணிருவோம்" என்றார் பிரசங்கியார். அந்த ஜெபத்தில், இருளின் பிடியிலிருந்து இந்த விதவையை விடுவித்ததற்காக ஆண்டவரைத் துதித்தார்.

ஜீப் இறங்கிப் போன பிறகு வீட்டில் யாரும் சாப்பிட உட்காரவில்லை. அப்பாதான் முதலில் பேசினார்.

"அவங்க அவ்வளவு தூரத்துலருந்து வந்திருக்காங்க. நல்லவன் ஒருத்தன் செத்தான்னு சொன்னா அதுல என்ன சாட்சி இருக்கு? இருட்டக் காட்டாம வெளிச்சத்த எப்படிக் காட்டுறது?"

அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "அதுக்காவ? செத்தவனுக்கு வாயில்லன்னு நீங்களே ஊத்திக் குடுத்துட்டியளாக்கும்."

ஆலயம் வந்தது. தகரக் கூரை மேட்டிலிருந்து பார்த்தால் வெயிலில் கண் கூசும். மாஷி அதற்குள் ஒருமுறையும் காலெடுத்து வைக்கவில்லை. அப்பா சில முறை எதிர்மேட்டுக்கு ஏறிப் போனார். மாஷி தேநீர் கொடுப்பாள்; ஒரே கேள்வி கேட்பாள்: "அவர்களிடம் சொல்லிவிட்டீர்களா, தாதா?" அப்பா தேநீரைக் குடித்துவிட்டு இறங்கிவிடுவார்.

இப்போது நான் மெயின்லேண்டில் இலக்கியம் படிக்கிறேன். சென்ற மாதம் எங்கள் கல்லூரிச் சிற்றாலயத்தில் வேறொரு பிரசங்கியார் பேசினார். அந்தமான் காட்டில் ஒரு குடிகாரன் என்று தொடங்கினார். கதை வளர்ந்திருந்தது. அவன் மனைவியின் கையை முறித்திருந்தான். சேற்றில் குப்புற விழுந்து இறந்திருந்தான். அவனுடைய சின்ன மகள் சபை நடுவே எழுந்து, கண்ணீரோடு, "எங்கப்பாவ நான் மன்னிச்சிட்டேன்" என்றாளாம். என் வரிசையில் இருந்தவர்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். பொய் என்று கத்திய பிள்ளையின் வாயிலிருந்தே பொய்க்கு முத்திரை வாங்கிவிட்டார்கள். மாஷியின் கேள்வி கதையில் இல்லை. நானும் இல்லை.

ஆராதனை முடிந்ததும் அவரிடம் போய், அந்த மனிதரை எனக்குத் தெரியும், அவர் குடித்ததில்லை என்றேன். அவர் என்னைச் சற்றுப் பரிதாபமாகப் பார்த்தார். "நான் யார் பேரையும் சொல்லலியேம்மா. ஒரு ஆத்துமா தொடப்பட்டா போதாதா?"

நானும் இங்கே யார் பெயரையும் எழுதவில்லை. ஆனால் பெயரை விட்டுவிட்டால் ஒருவரைப் பற்றி எதையும் சொல்லலாம் என்று நான் நினைக்கவில்லை. அந்த மேட்டில் எல்லோருக்கும் அவர் பெயர் தெரியும். அவர் மகளுக்குத் தெரியும். அவரைச் சுமந்த என் அப்பாவுக்குத் தெரியும்.

ஒவ்வொரு விடுமுறைக்கும் நான் கப்பலிலிருந்து இறங்கி ஊர் போய்ச் சேர்ந்ததும் மாஷி எதிர்மேட்டிலிருந்து இறங்கி வருவாள். என் தலையைத் தொட்டுவிட்டு, படிப்பைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே கேட்பாள்: "அங்கே இப்போது என்ன சொல்கிறார்கள்?" இதுவரை, நான் எதுவும் கேள்விப்படவில்லை மாஷி என்று சொல்ல முடிந்தது, அது உண்மையாகவும் இருந்தது. இந்த முறை, கேட்டதை வாக்கியம் வாக்கியமாக நிறுத்தி இந்தியில் சொல்லப் போகிறேன். அப்பா பக்கத்தில் இருக்கும்போதே சொல்வேன். அதன்பின் மாஷி என்ன சொன்னாலும் அதைத் தமிழாக்கி, இந்தக் கதை சொல்லப்படுகிற ஒவ்வோர் ஆலயத்திலும் எழுந்து நின்று சொல்வேன்.