ஆல்தோவின் மாற்றல் மனு

எங்கள் அலுவலகத்தின் ஆங்கிலக் கடிதங்களையெல்லாம் எழுதுபவர் ஹெட் கிளார்க். ‘ஆல்தோ’ (although) என்று தொடங்கி, காரணங்களைத் துணை வாக்கியங்களாகக் கோத்து, ஆறாவது வரியில்தான் முற்றுப்புள்ளி வைப்பார். அதனால் அவருக்குப் பட்டப்பெயரே ஆல்தோ.

மனைவிக்கு வேறு ஊரில் வேலை. ஒன்பது வருஷமாக அங்கே மாற்றல் கேட்கிறார். ஒவ்வொரு முறையும் மேனேஜர் அந்த மனுவை அவரிடமே நீட்டுவார்.

“முடியாதுன்னு பக்குவமா நீங்களே ஒரு பதில் எழுதிடுங்க.”

எழுதிக் கொடுப்பார், பாவி மனுஷன்.

இந்த வருஷம் அவருக்கு ஒரு யோசனை. எழுத வராதவனை யார் பிடித்து வைத்துக்கொள்வார்கள்? தன் மனுவுக்கான மறுப்புக் கடிதத்தில் வேண்டுமென்றே வினைச்சொற்களைக் காலம் மாற்றிப் போட்டார். ‘ஆல்தோ’வை அந்தரத்தில் தொங்கவிட்டார். மேனேஜரையே ‘ஷீ’ ஆக்கினார்.

மேனேஜர் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

“இப்படி எழுத வேற யாருக்கு சார் வரும்? இதனாலதான் உங்கள விட மனசே வரல.”

பக்கத்து மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. ஆல்தோ இருக்கைக்கு வந்து அந்தத் தாளையே வெறித்தார். பிறகு அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, தனக்கு மாற்றல் கிடையாது என்பதை ஒரு பிழையும் இல்லாமல் மறுபடி எழுத ஆரம்பித்தார்.