அவளைக் கேட்காமல் நேர்ந்துகொண்ட முடி

அந்த வருடம் எங்கள் தெருவில் மொட்டைத் தலைகள் அதிகம். ஆடிக் கிருத்திகை முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன. திருத்தணியில் மொட்டையோடு திரிகிறவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள்தான். மலை பக்கத்திலேயே இருப்பதால் எங்களுக்கு அவசரம் கிடையாது. வண்டி விற்பனை விழுந்து, உதிரிபாகம் செய்யும் கம்பெனிகள் ஒவ்வொன்றாக ஆளைக் குறைக்கத் தொடங்கிய பிறகு அது மாறியது. வேலை கிடைத்தபின் இறக்க வேண்டிய முடியை ஆண்கள் முன்கூட்டியே இறக்கிவிட்டு வந்தார்கள். வேலை போய்விட்டதா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. தலையைப் பார்த்தாலே தெரிந்தது. பால் வாங்கப் போகும்போது புது மொட்டை ஒன்று எதிரே வந்தால் குனிந்துகொண்டு நடப்பேன்.

என் கணவர் பத்தொன்பது வருடம் ஒரே கம்பெனியில் இருந்தவர். விடிவதற்கு முன் பைபாஸில் வந்து நிற்கும் கம்பெனி பஸ்ஸை வைத்துத்தான் எங்கள் வீட்டில் அடுப்பே பற்றவைப்போம். ஒரு திங்கட்கிழமை அந்த பஸ் வரவில்லை. சில வாரம் கழித்து, நீங்களும் மலைக்குப் போய்வாருங்கள் என்றேன்.

"அதான் கம்பெனியே மொட்ட அடிச்சி அனுப்பிட்டானே. இன்னும் இன்னாத்த எறக்கறது?" என்றார். நான் சிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னார். அதன்பின் அவர் பேச்சு குறைந்துவிட்டது.

ஆகவே நான் தனியாகப் போனேன். அவருக்கு வேலை கிடைத்தால் மகளின் முடியை இறக்குகிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். என் தலையில் அப்போதே சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. வீட்டில் இருப்பதிலேயே நல்லதைத் தந்தால்தான் கேட்பான் என்று தோன்றியது. அவளுக்குப் பதினெட்டு வயது. பிளஸ் டூ முடித்து, உள்ளூர்க் கல்லூரியில் கணிதத்துக்கு இடம் கிடைத்திருந்தது. பின்னலை அவிழ்த்தால் இடுப்பைத் தாண்டும். அவளிடம் கேட்கவில்லை. நானும் பட்டம் படித்தவள்தான். ஆனாலும் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. குழந்தையிலிருந்து எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டதால் அந்த முடி என்னுடையது என்றே நினைத்திருந்தேன்.

அவளும் என்னைக் கேட்கவில்லை. செல்போன் செய்யும் கம்பெனிக்கு எங்கள் பகுதிப் பெண்கள் ஒரு வேன் நிறையக் கிளம்பினார்கள். அதில் அவளும் பெயர் கொடுத்திருந்தது முந்தின நாள்தான் எனக்குத் தெரிந்தது.

"ஒரு வருஷம்தாம்மா. நைனாவுக்கு வேல கெடச்சதும் வந்து சேந்துடறேன். காலேஜ் எங்க ஓடிடப்போவுது?"

இந்த ஒரு வருடம் என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் அந்த நாட்களைத் தள்ளினேன்.

தெருவே மாறிப்போயிருந்தது. அப்பாக்கள் வீட்டில் வெங்காயம் உரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரமானால், எப்போதாவது லீவில் வந்துபோகும் மகள்களைக் கம்பெனி ஹாஸ்டலுக்கு அனுப்ப அவர்களே பைகளைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தார்கள். காலை ஏழரை மணி எனக்குப் பொல்லாத நேரம். அதுதான் அவளுக்குப் பின்னிவிடும் நேரம். கைக்கு வேலை இல்லாமல், துடைத்த மேடையையே திரும்பத் துடைப்பேன். அவள் சீப்பில் சிக்கியிருந்த நீளமான முடியை எடுத்துப்போட மனம் வரவில்லை.

பத்து மாதம் கழித்து அவருக்கு ஒரு கிடங்கில் காவலாளி வேலை கிடைத்தது. ஒப்பந்த வேலை. பழைய வேலைக்கு எந்த விதத்திலும் ஈடில்லை. இதையெல்லாம் முருகன் கணக்கில் எழுதாதே என்று அவர் கேலி செய்தார். நான் எழுதிக்கொண்டேன். அவளைக் கூப்பிட எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. போனில் வேண்டுதலைச் சொன்னேன்.

"ஏம்மா, எந்தலைய நேந்துகினு எங்கிட்ட இப்ப சொல்றியா?" என்றாள். கோபப்படவில்லை. லீவு கிடைத்தால் வருகிறேன் என்றாள்.

லீவு கிடைக்க இரண்டு மாதம் ஆனது. பஸ் நிலையத்தில் இறங்கி வந்தவர்களில் நான் பின்னலைத் தேடிக்கொண்டிருந்தேன். "ம்மா" என்று அவள் என் தோளைத் தொட்ட பிறகுதான் பார்த்தேன். முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள்.

"ஹாஸ்டல்ல அஞ்சு நிமிஷத்துல குளிச்சிட்டு வரணும்மா. பின்னாடி பத்து பேரு நின்னுகினு இருப்பாங்க. அத்தினி முடிய வச்சிகினு நான் இன்னா பண்றது?"

வெட்டியதை என்ன செய்தாய் என்று கேட்டேன். கூட்டிக் குப்பையில் போட்டார்களாம்.

இருவரும் மலைக்குப் போனோம். மிச்சம் இருந்ததை இறக்கிவிடுகிறேன் என்றுதான் அவள் வந்தாள். முடி இறக்கும் மண்டபத்தில் அவள் உட்காரப் போனபோது, நான் முந்திக்கொண்டு பலகையில் உட்கார்ந்தேன். யாருக்கு என்று நாவிதர் கேட்டார். எனக்குத்தான் என்றேன். அவள் என் தலையில் தண்ணீர் தெளித்துத் தேய்த்துவிட்டாள். விரல் நுனிகள் காய்த்துப் போயிருந்தன.

கத்தி ஓடும்போது தலை குனிந்திருந்தது. முகத்தைப் பார்க்காமல் கேட்பது சுலபமாக இருந்தது. நைனாவுக்குத்தான் வேலை கிடைத்துவிட்டதே, ஜூனில் கல்லூரியில் சேர்ந்துவிடுகிறாயா என்றேன்.

"லைன் லீடர் ஆக்கறேன்னு சொல்லிகினு இருக்காங்கம்மா." சற்றுப் பொறுத்து, மெதுவாகச் சொன்னாள்: "பத்தொம்போது வருஷத்தையே ஒரு திங்கக்கெழமயில முடிச்சிட்டாங்க. இப்ப வந்த வேலய நம்பி நான் உட்டுட்டு வரட்டுமா? நீயே சொல்லு, வந்துடறேன்."

வா என்று சொல்லத்தான் ஒரு வருடமாகக் காத்திருந்தேன். ஆனால் சந்தனத்தைத்தான் அவளிடம் நீட்டினேன். அவளே என் தலையில் பூசினாள்.

ஜூன் மாதம் கல்லூரி விண்ணப்பத்தை வாங்கி நானே நிரப்பினேன். கடைசி நாள் அன்று கல்லூரி அலுவலகத்தில் நின்றுகொண்டு அவளுக்கு நான்கு முறை போன் செய்தேன். வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று தெரிந்தும் செய்தேன். மாணவி கையெழுத்து என்ற இடம் காலியாக இருந்தது. நீங்களே போட்டுவிடுங்கள், யார் பார்க்கப் போகிறார்கள் என்று அங்கிருந்தவர் பேனாவை நீட்டினார். நான் வாங்கவில்லை.

அலுவலகத்தை மூடிய பின், ஐந்தரைக்கு அவள் கூப்பிட்டாள். "இன்னாம்மா, இத்தினி வாட்டி அடிச்சிருக்க? நைனா நல்லா கீறாரா?"

ஆங், நன்றாக இருக்கிறார் என்றேன். நீ சாப்பிட்டாயா என்று கேட்டேன்.